மகள் ‘சாப்’ ஆடுகிறாள், ஜெர்மனிக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகளுக்கு 15 வயது, பத்தாம் வகுப்பு படிக்கிறாள். எட்டு வயதிலிருந்து டேபிள் டென்னிஸ் ஆடுகிறாள். மேசையை விட்டுத் தள்ளி நின்று வெட்டி வெட்டி அனுப்பும் ‘சாப்’ ஆட்டம். பேக்ஹேண்டில் லாங் பிம்பிள் ரப்பர், அதாவது நீள முள் முள்ளாக நிற்கும் ரப்பர். மாவட்டத்தில் அவளை ஜெயிக்க ஆளில்லை. மாநிலப் போட்டிக்குப் போனால் இரண்டாவது, மூன்றாவது சுற்றோடு திரும்பிவிடுகிறோம். “இது செத்துப்போன ஆட்டம், அட்டாக்குக்கு மாத்துங்க” என்கிறார் கோச். அவள் மாற மாட்டேன் என்று அழுகிறாள். என் மச்சினர் ஜெர்மனியில் டூசல்டார்ஃப் பக்கம் வேலையில் இருக்கிறார். “சைனாவிலிருந்து இங்கே வந்த ஹான் யிங் இதே ஆட்டம் ஆடித்தான் ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினாங்க. பாப்பாவை அனுப்புங்க மாமா, நாளைக்கு ஜெர்மனிக்கே ஆடட்டும்” என்கிறார். ஓசூரில் இருக்கும் நண்பரோ, பெங்களூரு போய் கர்நாடகாவுக்குப் பதிவு பண்ணச் சொல்கிறார். எதைக் கேட்பது என்று தெரியவில்லை ஐயா.
— ஒரு தந்தை, ஜவுளிக்கடை, பர்கூர்

பதில்:

வணக்கம் ஐயா.

ஆட்டத்தை மாற்றுவதா, மாநிலத்தை மாற்றுவதா, நாட்டையே மாற்றுவதா என்று மூன்று கேள்விகள் உங்கள் கடிதத்தில் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. முதல் கேள்விதான் பெரியது. ஆனால் வீட்டில் தூக்கத்தைக் கெடுப்பது மூன்றாவது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. அதனால் அங்கிருந்தே வருகிறேன்.

ஹான் யிங் பற்றி உங்கள் மச்சினர் சொன்னது உண்மைதான், ஆனால் கதையின் கடைசிப் பக்கத்தை மட்டும் சொல்லியிருக்கிறார். ஹான் யிங் 1983-ல் சீனாவின் லியாவ்நிங் மாகாணத்தில், ஷென்யாங் நகரில் பிறந்தவர். அங்கே ஏழெட்டு வயதில் விளையாட்டுப் பள்ளிக்குள் போகும் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில். அவர்களில் மாகாண அணி வரை வருகிறவர்கள் சில நூறு. தேசிய அணியில் இடமோ விரல் விட்டு எண்ணும் அளவுதான். அந்தக் கூட்டத்தில் இடம் கிடைக்காமல் வெளியே வருகிறவர்களே மற்ற நாடுகளின் முதல்தர ஆட்டக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். ஹான் யிங் ஜெர்மனிக்குப் போனபோது அவருடைய சாப் முழுதாக விளைந்த சாப். முதலில் கிளப்புக்கு ஆடினார். அங்கேயே வாழ்ந்தார், பிறகு குடியுரிமை பெற்றார், அதற்கும் பிறகுதான் ஜெர்மனியின் சட்டை போட்டார். 2016 ரியோ ஒலிம்பிக் அரையிறுதியில் ஜப்பானோடு இழுபறியில் போன அணிப் போட்டியின் கடைசி ஆட்டத்தில் ஃபுகுஹாரா ஐயைத் தோற்கடித்து ஜெர்மன் பெண்களை இறுதிக்குக் கொண்டுபோனவர் அவர்தான். அப்போது அவருக்கு வயது 33. டோக்கியோவில் ஒற்றையர் காலிறுதி வரை வந்தபோது 38. உங்கள் மகளின் வயதிலிருந்து எண்ணிப் பாருங்கள், எத்தனை வருடம் என்று.

இன்னொருவரையும் சொல்கிறேன், இவரைத்தான் சாப் ஆடும் பெண் பிள்ளைகள் எல்லாரும் வீடியோவில் பார்க்க வேண்டும் என்பேன். லீ சியான். 1986-ல் ஹெபெய் மாகாணத்தின் பாவ்திங்கில் பிறந்தவர், இளம் வயதிலேயே போலந்துக்குப் போனார். போன ஊர் தலைநகர் வார்சா இல்லை. விஸ்துலா ஆற்றங்கரையில் தார்னோப்ஷெக் என்று ஓர் ஊர். கந்தகச் சுரங்கத்தால் வளர்ந்தது, நம் தருமபுரி நகரை விடவும் சிறியது. அந்த ஊர்க் கிளப் ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீக் வென்ற கிளப். பிற்பாடு ஹான் யிங்கும் அதே கிளப்பில் வந்து ஆடினார். உலகத்தின் மிகச் சிறந்த சாப் ஆட்டக்காரிகளில் இரண்டு பேர் ஒரே சின்ன ஊரில்! 2008 பெய்ஜிங்கிலிருந்து போலந்துக்காக ஒலிம்பிக் ஆடிய லீ சியான், 2018-ல் ஸ்பெயினின் அலிகான்டேயில் ஐரோப்பிய ஒற்றையர் சாம்பியன் ஆனார். வயது 32.

கோபத்தில் நாடு மாறியவர்களும் உண்டு. ஹே ஜிலி சாப் ஆட்டக்காரர் இல்லை, ஆனாலும் இந்தப் பேச்சில் அவர் பெயரை விட முடியாது. 1987-ல் நம் டெல்லியில் நடந்த உலகப் போட்டியில், சக சீன ஆட்டக்காரிக்கு விட்டுக்கொடுக்கச் சொன்ன உத்தரவை மீறி ஆடி உலக சாம்பியன் ஆனவர். அடுத்த வருடம் சோல் ஒலிம்பிக் அணியில் அவர் பெயர் இல்லை. ஜப்பானுக்குப் போய் கோயாமா சிரே என்ற பெயரில் ஆடினார். 1994-ல் ஹிரோஷிமா ஆசியப் போட்டி இறுதியில் சீனாவின் டெங் யாபிங்கையே வீழ்த்தினார். பிறந்த நாட்டில் அவருக்குக் கிடைத்த வசவு கொஞ்சநஞ்சமில்லை. நாடு மாறுவதில் விண்ணப்பப் படிவத்தில் எழுதாத ஒரு விலையும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இவர்கள் யாரும் ஆட்டம் கற்றுக்கொள்ள நாடு மாறவில்லை. கற்று முடித்த ஆட்டத்தை ஆட இடம் தேடிப் போனார்கள். உங்கள் மகளின் நிலைமை இதற்கு நேர் எதிர். அவளுக்கு முன்னால் நின்று வழி மறிக்கிற சாப் ஆட்டக்காரிகள் இந்தியாவில் கூட்டமாக இல்லை. ஆட்டம்தான் இன்னும் பாதியில் இருக்கிறது. பாதி ஆட்டத்தை எந்த நாட்டுக்குக் கொண்டுபோனாலும் அது பாதி ஆட்டம்தான்.

இனி சட்டம். இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

சீனாவிலிருந்து வந்தவர்களே பல நாட்டு அணிகளை நிரப்புகிறார்கள் என்று பேச்சு எழுந்து, 2008-ல் சர்வதேச டேபிள் டென்னிஸ் சம்மேளனம் ஒரு விதி கொண்டுவந்தது. புதிய நாட்டுக்குப் பதிவு செய்யும் நாளில் 15 வயது நிரம்பாதவர் 3 வருடம் காத்திருக்க வேண்டும். 15 முதல் 18-க்குள் என்றால் 5 வருடம். 18 முதல் 21-க்குள் என்றால் 7 வருடம். அதன்பிறகுதான் உலக சாம்பியன்ஷிப், உலகக் கோப்பை. 21 தாண்டியவர்களுக்கு அன்று கதவே சாத்தப்பட்டது. பிறகு விதியில் திருத்தங்கள் வந்திருக்கின்றன, ஆகவே எதுவானாலும் அந்த வருடத்துக் கையேட்டைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒலிம்பிக்குக்குத் தனி விதி: பழைய நாட்டுக்குக் கடைசியாக ஆடி 3 வருடம் ஆகியிருக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர்கள் சம்மதித்தால் அது குறையலாம். புது நாட்டின் குடியுரிமை கையில் இருக்க வேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

அந்தக் குடியுரிமையில்தான் நம் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். 2024 ஜூனில் மாறிய ஜெர்மன் சட்டப்படி, 5 வருடம் முறையாக வாழ்ந்து மொழியும் தெரிந்தால் விண்ணப்பிக்கலாம். பழைய பாஸ்போர்ட்டை விடச் சொல்லி ஜெர்மனி இப்போது கேட்பதில்லை. ஆனால் இந்தியா விடாது. நம் 1955 குடியுரிமைச் சட்டப்படி வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பி வாங்கிய நொடியே இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓ.சி.ஐ. எனும் வெளிநாட்டு இந்தியர் அட்டை கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு பாட்டி வீட்டுக்கு வரலாம், போகலாம். இந்தியாவுக்கு ஆட முடியாது. இந்தியப் பாஸ்போர்ட் இருப்பவர்தான் இந்தியச் சட்டை போடலாம் என்பது 2008 கடைசியிலிருந்து மத்திய அரசின் கொள்கை. இன்னொன்று: தாயும் தகப்பனும் பர்கூரில் இருக்க, 15 வயதுப் பெண் தாய்மாமன் வீட்டில் தங்கி வளர ஜெர்மன் விசா சுலபத்தில் கிடைக்காது. தாய்மாமன் என்றால் நமக்கு அப்பாவுக்குச் சமம். அந்த நாட்டுக் குடும்ப விசா சட்டத்தில் அந்த உறவுக்கு இடம் மிகவும் குறுகல்.

மச்சினர் சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இதையெல்லாம் விட முக்கியம். ஐரோப்பாவில் ஆடுவது வேறு, ஐரோப்பாவுக்கு ஆடுவது வேறு. நம் சென்னை சரத் கமல் பல வருடம் ஜெர்மனியின் மேல்மட்ட லீக்கான பண்டெஸ்லிகாவில் கிளப் ஆட்டம் ஆடினார். சத்தியன் போலந்து லீக், ஜப்பான் லீக் என்று சுற்றி வந்தார். இரண்டு பேரும் கடைசி வரை இந்திய ஆட்டக்காரர்கள்தான். சரத் 2006 மெல்போர்னில் காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வாங்கினார். 2022 பர்மிங்ஹாமில், நாற்பது வயதில், திரும்பவும் வாங்கினார். கிளப் சம்பளம் தரும், தினமும் நல்ல ஸ்பாரிங் தரும், வாராவாரம் ஆட்டம் தரும். இதற்கெல்லாம் பாஸ்போர்ட்டை மாற்ற வேண்டியதில்லை. ஜெர்மனியில் பண்டெஸ்லிகாவுக்குக் கீழே படிப்படியாக எத்தனையோ லீக். ஊர்ப் பள்ளிக்கூட ஹாலில் நாற்பது வயது தச்சரும் அறுபது வயது ஆசிரியரும் சனிக்கிழமை லீக் ஆடுவார்கள், அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு தரவரிசைப் புள்ளி உண்டு. அதில் பலர் பழைய காலத்து சாப் ஆட்டக்காரர்கள்! உங்கள் மகள் பத்தாம் வகுப்புப் பரீட்சை முடித்த மே மாதத்தில் சுற்றுலா விசாவில் மாமா வீட்டுக்குப் போய் வரட்டும். லீக் பருவம் ஏப்ரலோடு முடிந்திருக்கும், பயிற்சி நடக்கும். தன்னைப் போல ஆடுகிறவர்களோடு அவள் ஒரு மாதம் ஆடி வந்தால், மச்சினரின் அன்புக்கு அதை விட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை. பட்டப்படிப்பு முடித்து முதுகலைக்கு அங்கே போக நினைத்தால், படித்துக்கொண்டே கிளப் ஆடலாம். அது ஆறேழு வருடம் கழித்து அவள் எடுக்க வேண்டிய முடிவு, நீங்களும் நானும் எடுப்பதற்கில்லை.

இப்போது பெரிய கேள்விக்கு வருகிறேன். “செத்துப்போன ஆட்டம்.”

உங்கள் கோச் சும்மா சொல்லவில்லை. சாப் ஆட்டத்தின் கழுத்தை விதிகள் ஒவ்வொன்றாக நெரித்தது உண்மை. 1999-ல் பிம்பிளின் நீளத்துக்குக் கட்டுப்பாடு. 2000 அக்டோபரில் பந்து 38 மில்லிமீட்டரிலிருந்து 40 ஆனது, சுழற்சி குறைந்தது. 2008-ல் வழுவழுப்பான பிம்பிளுக்குத் தடை. 2014-ல் பிளாஸ்டிக் பந்து வந்து சுழற்சி இன்னும் கொஞ்சம் குறைந்தது. சாப் என்பதே சுழற்சியை நம்பி வாழும் ஆட்டம். பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்து, எதிராளி தவறு செய்யும் வரை காத்திருக்கும் அந்தப் பழைய தடுப்பாட்டம் மேல்மட்டத்தில் போய்விட்டது. அதில் கோச் சொல்வது சரி.

ஆனால் சாப் போகவில்லை. 1995-ல் தியான்ஜின் உலக அணிப் போட்டி இறுதியில் ஸ்வீடனுக்கு எதிராகச் சீனா இறக்கிய ஆள் டிங் சாங், ஒரு சாப் ஆட்டக்காரர். வெட்டி வெட்டி அனுப்பிவிட்டு எதிர்பாராத நேரத்தில் ஃபோர்ஹேண்டில் அடித்தார். 2003 பாரிஸ் உலகப் போட்டியில் இறுதிக்கு வந்த கொரியாவின் ஜூ சே-ஹ்யுக்கும் அந்த வழிதான். 2019-ல் சீனாவின் தேசிய சாம்பியன் ஆன ஹோ யிங்சாவோவுக்கு அப்போது 39 வயது. சீனாவில், ஐயா, அந்தக் கூட்டத்தின் நடுவில்! பெண்கள் ஆட்டத்தில் டாப்ஸ்பின்னின், அதாவது முன்னோக்கிச் சுழலும் அடியின், வேகம் ஆண்கள் அளவுக்கு இல்லாததால் சாப்புக்கு இன்னும் கூடுதல் ஆயுள். முப்பதுக்கு மேல் ஹான் யிங்கும் லீ சியானும் உச்சத்துக்கு வந்தது தற்செயல் இல்லை. எந்தப் பந்தில் எவ்வளவு சுழற்சி என்று கை தானாக அறிய வருடங்கள் ஆகும். சாப் ஆட்டக்காரர் மெதுவாகத்தான் பழுப்பார். 15 வயதில் மாநிலத்தில் மூன்றாவது சுற்றில் தோற்பதை வைத்து அந்த ஆட்டத்துக்கு இறப்புச் சான்றிதழ் எழுத முடியாது.

நம் நாட்டு உதாரணமும் உண்டு. 2024 பிப்ரவரியில் புசான் உலக அணிப் போட்டியில் அய்ஹிகா முகர்ஜி உலகின் முதல் நிலை ஆட்டக்காரி சுன் யிங்ஷாவை வென்றார். அவர் சாப் ஆடுகிறவர் இல்லை, மேசையோடு ஒட்டி நின்று ஆடுகிறவர். ஆனால் பேட்டின் ஒரு பக்கம் சுழற்சியைச் சாகடிக்கும் ஆன்டி-ஸ்பின் ரப்பர். மனிகா பத்ரா பேக்ஹேண்டில் வைத்திருப்பது உங்கள் மகள் வைத்திருக்கும் அதே வகை லாங் பிம்பிள். எல்லாரும் ஒரே மாதிரி ஆடும் இடத்தில் மாறுபட்டு ஆடுகிறவருக்குக் கிடைக்கும் அனுகூலம் இது.

அனுகூலம் முதல் இரண்டு வருடத்துக்குத்தான், அதுதான் உங்கள் மகளின் பிரச்சினை. மாவட்டத்தில் எதிரே நிற்கிற பிள்ளைகள் லாங் பிம்பிளைப் பார்த்ததே இல்லை; டாப்ஸ்பின் போட்டால் அது பேக்ஸ்பின்னாகக் கனத்துத் திரும்பி வலையில் விழுகிறது, என்ன நடந்தது என்று தெரியாமலே தோற்கிறார்கள். சென்னைப் பிள்ளைகளுக்கு அது தெரியும். அவர்களுடைய கோச்சுகள் சொல்லிக் கொடுப்பது பெரும்பாலும் இதுதான்: லாங் பிம்பிளுக்கு சுழற்சியே இல்லாத மொட்டைப் பந்தாகத் தள்ளு, அது மிதந்து வரும், அடி. மெதுவாக லூப் (பந்தை உரசிச் சுழற்சி ஏற்றும் அடி) போட்டு அவளைப் பின்னால் தள்ளு, உடனே வலையோரம் சின்னதாக விடு. கடைசியாக, ஃபோர்ஹேண்டா பேக்ஹேண்டா என்று அவளே குழம்பும்படி முழங்கைக்கு நேரே அடி. அடுத்த போட்டியில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவள் விட்ட ஒவ்வொரு புள்ளியும் இந்த மூன்றில் எதனால் போனது என்று குறியுங்கள். ஆட்டம் தெரியாத அப்பாவாலும் முடிகிற வேலை இது. அழுகையை விடவும் அறிவுரையை விடவும் அந்த நோட்டு உதவும்.

அதிலிருந்து என்ன பயிற்சி என்பது தானாக வரும். மொட்டைப் பந்துக்கு மருந்து, பேட்டைக் கைக்குள்ளேயே திருப்பி வழவழப்பான ரப்பர் பக்கத்தால் ஆடும் ட்விடில். சின்னப் பந்துக்கு மருந்து கால். பின்னால் மூன்று எட்டு, முன்னால் மூன்று எட்டு என்று மல்டிபாலில் (ஒருவர் கூடையிலிருந்து பந்து பந்தாக விடும் பயிற்சி) தினமும். எல்லாவற்றுக்கும் மேல் ஃபோர்ஹேண்ட் அடி: சர்வீஸ் போட்டு, வருகிற பந்தை அடித்து முடிக்கத் தெரியாத சாப் ஆட்டக்காரிக்கு இன்று யாரும் பயப்படமாட்டார்கள். அதனால்தான் கோச்சின் பேச்சில் பாதியைக் கேட்கச் சொல்கிறேன். அட்டாக்குக்கு மாறச் சொல்லாமல் அட்டாக்கைச் சேர்க்கச் சொல்லுங்கள், அவள் அழமாட்டாள். பத்து நிமிடத்தில் ஒரு கேம் முடியாமல், இருவருக்கும் சேர்த்து 18 புள்ளியும் ஆகாவிட்டால் நடுவர் எக்ஸ்பெடைட் விதியைக் கொண்டுவருவார். அதன்பின் சர்வீஸை எதிர்கொள்பவர் 13 பந்தைத் திருப்பிவிட்டால் புள்ளி அவருக்கே. இன்னொரு சாப் ஆட்டக்காரியோடு மோதும்போது இந்த விதி வந்தே தீரும். அடிக்கத் தெரிந்தவள் பிழைப்பாள்.

கோச்சுகள் ஏன் சாப்பை விரட்டுகிறார்கள் என்பதற்கு இன்னொரு சின்னக் காரணம் உண்டு, யாரும் வெளியே சொல்வதில்லை: இடம். சர்வதேசப் போட்டியில் ஒரு மேசைக்கான களம் 14 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம். மேசை 2.74 மீட்டர். ஆக ஒவ்வொரு பக்கமும் பின்னால் ஐந்தரை மீட்டருக்கு மேல் இருக்கும். நம் மாவட்டங்களின் பயிற்சி ஹால்களில் ஒரு வரிசையில் நான்கு மேசை போட்டு, பின்னால் இரண்டு மீட்டரில் சுவர். அட்டாக் ஆடுகிற பிள்ளைக்கு அது போதும். சாப் ஆடுகிற பிள்ளையின் முழங்கை சுவரில் இடிக்கும். பயிற்சியில் இரண்டு மீட்டரில் வெட்டிப் பழகியவள் போட்டியில் நாலு மீட்டர் பின்னால் போய் வெட்ட வேண்டியிருந்தால் பந்து நீளும், உயரும், அடி வாங்குவாள். மாநிலப் போட்டித் தோல்விக்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். உங்கள் ஹாலை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

இதற்கு ஜெர்மனி போக வேண்டியதில்லை. கல்யாண மண்டபம் போதும்! ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் மண்டபங்கள் பூட்டியே கிடக்கும். முகூர்த்தப் பட்டு விற்கிற உங்களுக்கு மண்டபக்காரர்களைத் தெரியாமலா இருக்கும்? சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு மேசை போட்டால் பின்னால் எட்டு மீட்டர் கிடைக்கும். டைல்ஸ் தரை வழுக்கும், அதனால் ரப்பர் பாய் விரித்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் மேசைக்கு நேர் மேலே இருக்கட்டும், ஜன்னல் வெளிச்சம் கண்ணில் அடிக்கக் கூடாது.

எதிரே யார் நிற்பது என்பது அதைவிடக் கஷ்டமான கேள்வி. அவளுக்கு வேண்டியது கனமான லூப் போடுகிற ஆள், அலுக்காமல் ஒரு மணி நேரம் போடுகிற ஆள். பெண் பிள்ளைகளைத் தேடாதீர்கள். கல்லூரிப் பையன்களின் லூப் கனம் அதிகம். ஓசூர்த் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிற இளைஞர்களில் பல்கலைக்கழக அணிக்கு ஆடியவர்கள் இருக்கிறார்கள், வேலை முடிந்து ஆட ஏங்குகிறவர்கள். போக்குவரத்துச் செலவும் மரியாதையும் கொடுத்துக் கூப்பிட்டால் ஞாயிற்றுக்கிழமை வருவார்கள்.

அப்படியே ஓசூர் நண்பரின் யோசனைக்கும் வந்துவிடுகிறேன். பர்கூரிலிருந்து சென்னையை விட பெங்களூரு பாதிக்கும் குறைந்த தூரம். கிருஷ்ணகிரி நகருக்கு ரயிலே கிடையாது, எல்லாம் பஸ்தான். அதனால் பயிற்சிக்கு மாதம் இரண்டு வாரக்கடைசி பெங்களூரு போவது நல்ல யோசனை. கர்நாடகாவுக்குப் பதிவு செய்வது வேறு விஷயம். அதற்கு இங்கிருக்கிற சங்கத்தின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதம் வேண்டும், அங்கே வசிப்பதற்கும் படிப்பதற்கும் அத்தாட்சி வேண்டும், பள்ளி மாற வேண்டும். பத்தாம் வகுப்பில் அந்த வேலை வேண்டாம். தமிழ்நாட்டில் அரசு வேலைக்கு 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது, கல்லூரிச் சேர்க்கையிலும் ஒதுக்கீடு இருக்கிறது. தமிழ்நாட்டு அணிக்கு ஆடிய சான்றிதழ் அதற்கெல்லாம் அடிப்படை. பிற்பாடு நன்றாக வந்தால் ரயில்வே, ரிசர்வ் வங்கி, பெட்ரோலிய நிறுவனங்களின் விளையாட்டு வாரியம் என்று வேலை கொடுத்து அந்தச் சட்டையில் தேசியப் போட்டிக்கு இறக்குவார்கள். அப்போது மாநிலம் தானாகவே பின்னுக்குப் போய்விடும். 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தபோது, வீட்டுத் திண்ணையை விட்டு இறங்காமலே எத்தனையோ பேர் மாவட்டம் மாறினார்கள். அதனால் யாருடைய ஆட்டமும் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை.

வீட்டில் பேசும்போது ஒன்று மட்டும் கவனம். “ஜெர்மனிக்கு அனுப்பலாமா” என்று அவள் காதுபட இன்னும் சில மாதம் பேச வேண்டாம். தோற்றாலும் மாமா வீடு இருக்கிறது என்று நினைத்தாலும் கெடுதல்; நாடு விட்டுப் போனால்தான் நம் ஆட்டத்துக்கு மதிப்பு என்று நினைத்தால் அதைவிடக் கெடுதல். லக்ஸம்பர்க்குக்கு ஆடும் நீ சியாலியன் 1983-ல் சீனாவுக்காக உலக சாம்பியன் ஆனவர். அவருடையதும் லாங் பிம்பிள்தான். மேசையோரம் நின்று தடுத்துத் தடுத்தே ஆடுவார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 61 வயதில் முதல் சுற்று ஆட்டத்தை வென்றார். அந்த வீடியோவை அவளோடு சேர்ந்து பாருங்கள். நாட்டைப் பற்றி அவளே கேட்டால் மட்டும் பேசுங்கள்.

அடுத்த கடிதத்தில் எனக்கு மூன்று விவரம் வேண்டும். அவள் போட்டிருக்கும் லாங் பிம்பிளின் பெயர், அடியில் ஸ்பாஞ்ச் உண்டா, எத்தனை மில்லிமீட்டர். அது சர்வதேசச் சம்மேளனத்தின் நடப்பு அனுமதிப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள், கடைக்காரர் வார்த்தையை நம்ப வேண்டாம். மேசைக்குப் பின்னால் நீங்கள் அளந்த மீட்டர். பிறகு அவள் தோற்ற ஏதாவது இரண்டு ஆட்டத்தின் செல்போன் வீடியோ, அவளுக்குப் பின்னாலிருந்து, தோள் உயரத்துக்கு மேலே வைத்து எடுத்தது. ஜெயித்த ஆட்டம் வேண்டாம்.